முப்பது கிராம் நோயாளி

எங்கள் வீட்டுக் கூண்டில் 5 லவ் பேர்ட்ஸ் இருந்தன. ஒரு மார்கழிக் காலையில் அவற்றில் நீல நிறப் பெண் பறவை தீனிக் கிண்ணத்தை விட்டு நகராமல் தினையைக் கொத்திக்கொண்டே இருந்தது. நன்றாகச் சாப்பிடுகிறது என்று மகிழ்ந்தேன். கிண்ணத்தைக் கழுவ எடுத்தபோதும் அது பறக்கவில்லை. உடம்பை உப்பிப் பந்துபோல் உட்கார்ந்திருந்தது. கையில் எடுத்தேன். இறகுக்கு அடியில் மார்பெலும்பு கத்தி முனைபோல் விரலில் தட்டுப்பட்டது. தின்றது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை.

பறவையை வாங்கிய கடைக்கு ஓடினேன். மஞ்சள் நிறத் தூள் ஒன்றைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, "ஒரு சிட்டிகை தண்ணீரில் கலந்து வையுங்கள், சரியாகிவிடும்" என்றார்கள். தூள் வந்த டப்பாவில் சேவல் படம் இருந்தது. இத்தனை லிட்டர் தண்ணீருக்கு இத்தனை கிராம், இத்தனை கோழிகளுக்கு என்று கணக்கு போட்டிருந்தது. மூன்றாம் நாள் அந்தப் பறவை இறந்துவிட்டது. மருதாணிச் செடியின் அடியில் புதைத்தோம்.

அந்த டப்பாவில் இருந்த சேவலைப் பற்றிப் பிறகு நிறைய யோசித்தேன். நம் ஊரில் கூண்டுப் பறவை நோயுற்றால் ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கான காரணத்தில் பாதி அந்தப் படத்தில்தான் இருக்கிறது.

நம்மிடம் பறவை மருத்துவம் இல்லாமல் இல்லை. 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டைக் கடந்துவிட்டது. 1985-ல் நாமக்கல்லில் இன்னொரு கல்லூரி வந்தது. முட்டைக்குப் பெயர்போன அந்த ஊரைச் சுற்றி வளர்ந்த கோழி மருத்துவ அறிவு சாதாரணமானதல்ல. நாம் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லும் ராணிக்கெட் நோய், 1920-களின் பிற்பகுதியில் இமயமலை அடிவார ஊரான ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் இந்தியாவில் அந்தப் பெயரைப் பெற்றது. ஒரு காலத்தில் பண்ணை பண்ணையாகக் காலி செய்த அந்த நோயைத் தடுப்பூசியால் கட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். வீட்டுக் கொல்லையில் 4 கோழி வளர்க்கும் பாட்டிக்குக்கூட அரசின் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் தெரியும்.

ஆனால் இவை அனைத்தும் கூட்டத்துக்கான மருத்துவம். பத்தாயிரம் கோழி உள்ள கொட்டகையில் பத்து கோழி சுணங்கினால், மருத்துவர் அவற்றில் இரண்டை அறுத்துப் பார்த்து, நோயைக் கண்டுபிடித்து, மீதிக் கோழிகளுக்குத் தண்ணீரில் மருந்து கலந்து கொடுக்கச் சொல்வார். அங்கே அதுதான் சரியான வைத்தியம். ஒற்றைக் கோழியைப் பிழைக்கவைப்பது அங்கே கேள்வியே அல்ல. வீட்டுக் கூண்டில் இருப்பதோ ஒன்று அல்லது இரண்டு. அதை அறுத்துப் பார்த்துவிட்டு யாரைக் காப்பாற்றுவது? கால்நடை மருத்துவப் பாடத்தில் பறவை என்றால் பெரும்பகுதி கோழிதான். அதைப் படித்துவிட்டு ஊரில் ஆடு மாடு, நாய் பூனை பார்க்கும் மருத்துவரின் மேசையில் திடீரென்று 30 கிராம் எடையில் ஒரு கிளியினத்தை வைத்தால் அவர் தயங்குவதில் குற்றம் சொல்ல முடியாது.

அந்த 30 கிராமைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்வது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் பட்ஜரிகர். உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. கடைகளில் அவற்றை ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் என்று தனியாகச் சொல்வார்கள். மருத்துவரிடம் தொலைபேசியில் பேசும்போது இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிடுவது நல்லது. பட்ஜரிகர் 30 முதல் 40 கிராம் இருக்கும். காக்டெய்ல் கிளி 80 முதல் 120 கிராம். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி சுமார் அரைக் கிலோ. பறவையின் உடலில் இருக்கும் இரத்தம் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. சோதனைக்கு எடையில் 100-ல் 1 பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது பொதுவான எல்லை. 35 கிராம் பறவையிடமிருந்து எடுக்கக்கூடிய இரத்தம் 0.35 மில்லி. ஏழு சொட்டு. நோயால் வாடிய பறவையிடம் அதையும் எடுக்க முடியாது. நகம் வெட்டும்போது சதைவரை வெட்டி இரத்தம் ஒழுகினால் நமக்குச் சிறு காயமாகத் தெரிவது அதற்குப் பெரிய இழப்பு.

மருந்தும் அப்படித்தான். எடைக்கு ஏற்பக் கணக்கிட்டு, சிறிய சிரிஞ்சில் அளந்து, அலகோரத்தில் சொட்டுச் சொட்டாகக் கொடுக்க வேண்டும். தண்ணீரில் கலந்து வைக்கும் வழக்கம் கோழிப் பண்ணையிலிருந்து வந்தது. வறண்ட நிலத்தில் பிறந்து பழகிய பட்ஜரிகர் ஒரு நாளில் குடிக்கும் தண்ணீரே ஒரு தேக்கரண்டி அளவுதான். நோய் வந்தால் அதிலும் குறையும். மருந்து கசந்தால் கிண்ணத்தைத் தொடவே தொடாது. எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. என் பறவை அந்த மஞ்சள் தண்ணீரில் எத்தனை சொட்டு குடித்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இன்னொரு சிக்கல், பறவை தன் நோயை மறைக்கும். காட்டில் சுணங்கி உட்காரும் பறவையைத்தான் வேட்டைப் பறவை முதலில் தூக்கும். ஆகவே முடிந்தவரை ஆரோக்கியமாக இருப்பதுபோல் நடந்துகொள்வது அதன் பிறவிக் குணம். தின்பதுபோல் தினையின் உமியை மட்டும் உரித்துப்போடும் பறவைகளும் உண்டு. கிண்ணம் நிறைய உமி கிடப்பதைப் பார்த்து நாம் ஏமாந்துபோவோம். உப்பி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, வால் மேலும் கீழும் ஆட மூச்சு விடும் நிலைக்கு வந்துவிட்டால் நோய் நேற்று வந்ததாக இருக்காது. அது பல நாட்களாக மறைத்துவைத்ததைத்தான் நாம் அன்று பார்க்கிறோம்.

மறைக்க முடியாதது எடை ஒன்றுதான். பறவை வளர்ப்பவர்கள் வாங்க வேண்டிய முதல் மருத்துவக் கருவி 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு என்று நான் அடித்துச் சொல்வேன். காலையில் தீனி வைப்பதற்கு முன், ஒரு சிறு டப்பாவிலோ குச்சியிலோ பறவையை உட்காரவைத்து எடை பார்த்து எழுதிவைக்க வேண்டும். வாரம் ஒரு முறை போதும். 36 கிராம் பறவை 32-க்கு இறங்கினால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. 60 கிலோ மனிதர் ஒரே வாரத்தில் 6 கிலோ இழந்தால் நாம் வீட்டில் உட்கார்ந்திருப்போமா? பறவை அப்போதும் பாடிக்கொண்டிருக்கும். அந்த வாரமே மருத்துவரிடம் போனால் பிழைக்க வழி உண்டு.

பறவை பார்க்கப் பழகிய மருத்துவரின் அறையில் நடப்பதைக் கவனித்தால் நிறையக் கற்றுக்கொள்ளலாம். அவர் பறவையை உடனே தொடமாட்டார். கூண்டைத் தள்ளி வைத்து இரண்டு மூன்று நிமிடம் சும்மா பார்ப்பார். எப்படி உட்கார்ந்திருக்கிறது, இரண்டு காலும் குச்சியைப் பற்றுகின்றனவா, மூச்சுக்கு வால் ஆடுகிறதா என்று பார்ப்பார். பிறகு கூண்டுத் தட்டில் விரித்த காகிதத்தைக் கேட்பார். பறவையின் எச்சத்தில் மூன்று பகுதிகள் உண்டு. பச்சை அல்லது பழுப்பில் சுருண்ட மலம், வெள்ளைச் சுண்ணாம்புபோல் யூரேட் என்ற சிறுநீரகக் கழிவு, சுற்றிலும் தெளிந்த நீர். வெள்ளை பச்சையாக மாறியிருந்தால் கல்லீரலைச் சந்தேகிப்பார். முழுத் தானியம் அப்படியே வந்திருந்தால் செரிமானத்தில் பழுது. கூண்டில் மணலோ மரத்தூளோ போடாமல் வெறும் காகிதம் விரிக்கச் சொல்வது இதற்காகத்தான். மருத்துவமனைக்குக் கிளம்பும்போது அந்தக் காகிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டு, கூண்டைப் பளபளவென்று கழுவி எடுத்துப்போகிறவர்கள் பாதித் தடயத்தை அழித்துவிட்டுப் போகிறார்கள்.

அதன்பிறகு சிறு துணியால் மூடிப் பிடிப்பார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கழுத்தின் இரு பக்கமும் இருக்க, மார்பு மட்டும் அழுத்தம் இல்லாமல் வெளியே இருக்கும். பறவைக்கு நமக்கிருப்பதுபோல் உதரவிதானம் கிடையாது. அதன் நுரையீரல் விரிந்து சுருங்காது. மார்புக்கூடு முன்னும் பின்னும் அசைந்து காற்றுப்பைகளுக்குள் காற்றை இழுத்தால்தான் மூச்சு. பயந்துபோய் உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தாலே போதும், மூச்சு நின்றுவிடும். குழந்தைகள் கையில் பறவையைக் கொடுப்பவர்கள் இதை ஒருமுறையாவது சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இந்தக் காற்றுப்பை அமைப்பினால் காற்றில் உள்ள உயிர்வாயுவைப் பறவை நம்மைவிடத் திறமையாக எடுத்துக்கொள்கிறது. காற்றில் உள்ள நஞ்சையும் அதே வேகத்தில் எடுத்துக்கொள்கிறது. நம் சமையலறைகளில் நான்ஸ்டிக் தோசைக்கல் வந்துவிட்டது. அதை அடுப்பில் வெறுமனே காயவிட்டு மறந்துவிட்டால், அளவுக்கு மீறிச் சூடான பூச்சிலிருந்து வரும் புகை கூடத்தில் இருக்கும் பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். நமக்கு வாசனைகூடத் தெரியாமல் போகலாம். இதற்கு மருத்துவர் செய்யக்கூடியது மிகக் குறைவு. சமையலறைக்குப் பக்கத்தில் கூண்டை மாட்டாமல் இருப்பதே வைத்தியம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி, கொசுவத்திச் சுருள், பெயின்ட் வாடை எதுவும் அதற்கு ஆகாது. சாம்பிராணி போடும் நேரத்துக்கு மட்டும் கூண்டை மொட்டைமாடிக்கோ வேறு அறைக்கோ மாற்றுவது பெரிய வேலையல்ல.

மருத்துவர்கள் அதிகம் பார்ப்பது இத்தகைய திடீர் விபத்துகளைவிட, தட்டிலிருந்து வரும் நோய்களைத்தான். தினை மட்டும், அல்லது காக்டெய்லுக்குச் சூரியகாந்தி விதை மட்டும் என்று ஆண்டுக்கணக்கில் போடுகிறோம். தானியத்தில் வைட்டமின் ஏ இல்லை என்றே சொல்லலாம், கால்சியமும் மிகக் குறைவு. சூரியகாந்தி விதையில் கொழுப்பு அதிகம். விளைவு, மூக்கும் தொண்டையும் சீழ்பிடிப்பது, கல்லீரலில் கொழுப்பு சேர்வது, பெண் பறவைக்கு முட்டை வெளியே வராமல் சிக்கிக்கொள்வது. முட்டை சிக்கிய பறவை கூண்டின் தரையில் கால் அகட்டி உட்கார்ந்து முக்கும். வீட்டில் விளக்கெண்ணெய் தடவி அமுக்கிப் பார்ப்பவர்கள் உண்டு. உள்ளே முட்டை உடைந்தால் உயிர் போய்விடும். வெதுவெதுப்பான பெட்டியில் வைத்து உடனே கொண்டுபோனால், கால்சியமும் நீரும் ஏற்றிப் பெரும்பாலும் காப்பாற்றிவிடுகிறார்கள். இந்த நோயைத் தடுக்கும் பொருள் நாட்டுமருந்துக் கடையிலேயே கிடைக்கிறது. கடல்நுரை என்று கேட்டால் கணவாயின் ஓட்டைத் தருவார்கள். அதைக் கம்பியில் செருகிவைத்தால் பறவை தனக்கு வேண்டியதைக் கொறித்துக்கொள்ளும். கூடவே முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட். அவகாடோ பழம் மட்டும் கூடவே கூடாது, அது பறவைக்கு நஞ்சு.

எளிதில் தீரக்கூடிய நோயைப் பல மாதம் வைத்துக்கொண்டு அவதிப்படும் பறவைகளைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. பட்ஜரிகரின் அலகைச் சுற்றித் தேன்கூடுபோல் சாம்பல் நிறப் பொருக்கு படரும். பலர் இதை வயதான குறி என்று நினைக்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி. மருத்துவர் எடை பார்த்துக் கழுத்தின் பின்புறத் தோலில் ஒரு சொட்டு மருந்து வைப்பார், சில வார இடைவெளியில் மீண்டும் வைப்பார். அவ்வளவுதான். விட்டுவிட்டால் அலகு கோணிப்போய்த் தின்ன முடியாமல் போகும்.

வலி மருந்து பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கும் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பவர்கள், இந்தியாவின் பிணந்தின்னிக் கழுகுகளுக்கு நேர்ந்ததை நினைவில் வைக்க வேண்டும். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி, இறந்த மாட்டின் இறைச்சி வழியே கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து, அந்த இனத்தையே அழிவின் விளிம்புக்குத் தள்ளியது. 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். அப்போது கழுகுகளுக்குத் தீங்கு செய்யாத மாற்று என்று ஆய்வில் தேறிய மெலாக்சிகம்தான் இன்று கூண்டுப் பறவைகளின் வலிக்கும் மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் மருந்து.

பறவையிடமிருந்து மனிதருக்கு வரும் நோய்களில் முக்கியமானது கிளிக்காய்ச்சல். 1929–30-ல் தென் அமெரிக்காவிலிருந்து கப்பலில் போன கிளிகள் மூலம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவிப் பலரைப் பலிகொண்டது. காய்ந்த எச்சத்தின் தூசு மூச்சில் போவதால் தொற்றும். சளிக்காய்ச்சல்போல் தொடங்கி நிமோனியாவாக மாறலாம். டாக்ஸிசைக்ளின் என்ற பழைய மருந்துக்கே கட்டுப்படும், பறவைக்கு வழக்கமாக 45 நாள் கொடுப்பார்கள். வீட்டில் பறவை இருந்து, உங்களுக்குக் காய்ச்சலும் இருமலும் நீடித்தால் உங்கள் மருத்துவரிடம் பறவை வளர்ப்பதைச் சொல்லுங்கள். அவராக அதைக் கேட்கத் தோன்றாது. எச்சத்தைக் காயவைத்துச் சுரண்டாமல், ஈரத்துணியால் துடைத்தாலே ஆபத்து பாதியாகிவிடும்.

சட்டம் இதில் எங்கே வருகிறது என்று கேட்கலாம். மருத்துவமனை வாசலில்தான் வருகிறது. பச்சைக்கிளி என்று நாம் சொல்லும் செந்தார்ப்பைங்கிளியும், மைனாவும், தினைக்குருவிகளும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். சட்டம் சரியானதுதான், பொந்திலிருந்து குஞ்சுகளைப் பிடுங்கும் வியாபாரத்தை வேறு எப்படி நிறுத்துவது? ஆனால் ஏற்கெனவே வீட்டில் இருக்கும் கிளி நோயுற்றால், பிடித்துக்கொடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் மருத்துவரிடம் கொண்டுபோகாமலே சாகவிடுகிறார்கள். அத்தகைய கிளியை வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுவதே அதற்குச் செய்யக்கூடிய நல்லது. வெளிநாட்டுப் பறவைகளுக்கு வேறு கணக்கு. சாம்பல் கிளி, மக்காவ், காக்கட்டூ போன்றவற்றை வைத்திருப்பவர்கள் 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பட்ஜரிகருக்கும் காக்டெய்லுக்கும் அந்தக் கவலை இல்லை, அவை அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் இல்லை.

சரி, எங்கே போவது? சென்னையில் வேப்பேரி, மற்றும் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளுடன் மருத்துவமனைகளும் இருக்கின்றன. பெருநகரங்களில் பறவைகளை விருப்பத்தோடு பார்க்கும் தனியார் மருத்துவர்களும் இப்போது கிடைக்கிறார்கள். பறவை நன்றாக இருக்கும்போதே ஒருவரைத் தேடிவைத்துக்கொள்ள வேண்டும். கிராம் அளவில் எடை பார்ப்பீர்களா, எச்சத்தை நுண்ணோக்கியில் பார்க்க வசதி உண்டா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டால் போதும். இந்த இரண்டுக்கும் ஆம் என்று சொல்பவர் பறவையை ஒரு நோயாளியாக நினைப்பவர். சில நூறு ரூபாய்ப் பறவைக்கு இவ்வளவு செலவா என்று வீட்டில் கேட்பார்கள். விலை கடையோடு முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தபின் அது நம்மை நம்பியிருக்கும் உயிர்.

எங்கள் வீட்டில் ஒரு மாதம் கழித்துப் பச்சை நிற ஆண் பறவையும் காலையில் கூண்டுத் தரையில் கிடந்தது. இம்முறை புதைக்கவில்லை. இறந்த பறவையைச் சோதனைக்குக் கொண்டுபோவதாக இருந்தால், முதலில் சோப்புத் தண்ணீரில் நன்றாக நனைக்க வேண்டும் என்று படித்திருந்தேன். இறகு சூட்டைப் பிடித்துவைப்பதால், நனைக்காவிட்டால் குளிரில் வைத்தாலும் உள்ளே அழுகிவிடும். நனைத்து, உறையில் கட்டி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். உறையவிடக் கூடாது. மறுநாள் முதல் பஸ்ஸில் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன்.

அங்கிருந்த பெண் மருத்துவர் அறுத்துப் பார்த்து, இரைப்பையின் உட்புறத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, நுண்ணோக்கியில் என்னையும் பார்க்கச் சொன்னார். ஊதுபத்திக் குச்சிகள் சிதறிக் கிடப்பதுபோல் நீளநீளமாகத் தெரிந்தன. மேக்ரோராப்டஸ் என்ற பூஞ்சை அது. நெடுங்காலம் பாக்டீரியா என்றே நினைத்து மெகாபாக்டீரியா என்று அழைத்தார்களாம். இரைப்பையில் குடியேறிச் செரிமானத்தைக் கெடுத்துவிடும். பறவை தின்றுகொண்டே இளைக்கும். பாக்டீரியாவைக் கொல்லும் மஞ்சள் தூளை எத்தனை டப்பா கொடுத்தாலும் இதை ஒன்றும் செய்யாது.

"போன மாதம் இதன் எடை எவ்வளவு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

மீதி மூன்று பறவைகளின் எச்சத்தையும் கொண்டுவரச் சொன்னார். இரண்டில் அதே குச்சிகள் இருந்தன. பூஞ்சைக்கான மருந்தை ஒவ்வொன்றின் எடைக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டு, நாளுக்கு 2 வேளை, 30 நாள் அலகில் சொட்டினோம். ஒன்று பன்னிரண்டாம் நாள் இறந்துவிட்டது. மற்ற இரண்டும் தேறின. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில் வாரம் ஒருமுறை எழுதுகிறேன். இன்று காலை மஞ்சள் 37, வெள்ளை 35.